ரொட்டிக்காரர் பார்க்காத பாதி

அந்தத் தெருவில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் முதலில் போய் நிற்கிற இடம் ரொட்டிக்கடைதான். ஒரு ரொட்டியும் ஒரு படமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ரொட்டிக்குத்தான் காசு. என்ன படம் பார்க்க வேண்டும் என்கிற யோசனை சும்மா கிடைக்கும்.

ரொட்டியைத் தாளில் சுற்றுகிற நேரத்துக்குள் ரொட்டிக்காரர் எதிரில் நிற்கிற ஆளை ஒரு பார்வை பார்த்துவிடுவார். கண் வீங்கியிருக்கிறதா, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறதா, கேட்ட கேள்விக்கு வேறு பதில் வருகிறதா என்று கவனிப்பார். பிறகு நூலைக் கட்டிக்கொண்டே ஆரம்பிப்பார். அண்ணன் தம்பி சண்டை என்று தெரிந்தால் ஓர் இந்திப் படம் சொல்வார். அதில் இரண்டு சகோதரர்களுக்கு ஒரே லாரி. பகலில் அண்ணன் ஓட்டுவான், இருட்டினால் தம்பி. சாவியை மாற்றிக்கொள்கிற நேரத்தில் மட்டும் முகம் பார்த்துக்கொள்வார்கள். கொஞ்சம் தலைக்கனம் ஏறிய ஆளாக இருந்தால் ஒரு ஹாலிவுட் படம். ஒரு நீதிபதியும் அவர் ஜெயிலுக்கு அனுப்பிய திருடனும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொள்கிற கதை. வீட்டில் யாராவது இறந்துபோயிருந்தால், எந்த நாடு என்றே தெரியாத ஒரு படம். தன் வீட்டு வாசல் கதவைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு மகன் இருக்கிற ஊருக்கு நடந்தே போகும் ஒரு கிழவரைப் பற்றியது.

"நம்ம படத்தை வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பார்க்கணும். ஹாலிவுட் படத்தைக் கூட்டத்தோட பார்க்கணும். மத்த நாட்டுப் படத்தை மட்டும் தனியாப் பார்க்கணும், இல்லேன்னா நமக்குப் பிடிச்ச ஒரே ஒரு ஆளோட" என்பார். இது அவருடைய சித்தாந்தம். இதை எதிர்த்துப் பேசியவர்களுக்கு அன்றைக்குக் கருகிய ஓரம்தான் கிடைக்கும்.

படத்தின் பெயர் மட்டும் அவர் வாயில் நிற்காது. பெயர் கேட்டால் கல்லாவைக் கைகாட்டுவார். கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். எந்த நாட்டுப் பெயராக இருந்தாலும் எழுத்துக் கூட்டிச் சொல்லுவாள். மற்றபடி கடையில் அவள் அதிகம் பேசுவதில்லை. அவர் கதை சொல்லும்போது மட்டும் மிச்சக் காசை எண்ணுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வாள். அது வெட்கம் என்று தெரு நினைத்திருந்தது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. கதையின் முடிவையும் சேர்த்தே சொல்லிவிடுவார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் தெருவில் அடி விழுந்திருக்கும். ஆனால் அவர் சொல்கிற முடிவு பெரும்பாலும் படத்தில் வராது. அண்ணனும் தம்பியும் கடைசியில் ஒரே லாரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள் என்று சொல்லி அனுப்புவார். போய்ப் பார்த்தால் லாரியை விற்றுவிட்டு ஆளுக்கொரு திசையில் போவார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருமுறை நேரிலேயே வந்து கேட்டார். ரொட்டிக்காரர் அசரவில்லை. "நீங்க சரியாப் பார்க்கலை, கடைசியில போன் எதாவது பேசிட்டு இருந்திருப்பீங்க" என்று சொல்லி, ஒரு பன்னை அதிகமாக வைத்து அனுப்பிவிட்டார்.

தெரு தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. மனுஷன் கெட்டிக்காரர், கதையைக் கெடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே பொய் முடிவு சொல்கிறார் என்று. அவர் "எல்லாரும் ஒண்ணாயிடறாங்க" என்றால் பிரிந்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். "பிழைச்சுக்கிறான்" என்றால் ஆள் அவ்வளவுதான். தையல்காரி அவர் சொல்லும்போதே சிரிப்பாள். கைக்குட்டை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டிய படம் எது என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும் என்பாள். அவருக்கோ இவள் ஏன் சிரிக்கிறாள் என்று விளங்காது. அவர் மகளும் இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களிடம், எங்க அப்பா சொல்ற முடிவைத் திருப்பிப் போட்டா சரியான முடிவு என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள்.

உண்மை என்னவென்றால் ரொட்டிக்காரர் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.

அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊர் எழுந்திருக்கிறதுக்கு வெகு முன்னால் அவர் நாள் தொடங்கிவிடும். மாவைக் கொட்டி, ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றி, உப்பை அளந்து போட்டுப் பிசைவார். மெஷின் பிசைந்ததை ஒருமுறை கையாலும் பிசைந்தால்தான் அவருக்குத் திருப்தி. ஈரத்துணி போட்டு மூடி, அது பொங்கி வருகிற வரைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். முதல் சுற்று ரொட்டி, அடுத்து பன், கடைசியில் அடுப்பு ஆறுகிற சூட்டில் ரஸ்க். உச்சி வெயிலுக்குக் கடையை மூடுவார். குளித்துச் சாப்பிட்டதும் கூடத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மனைவியோடு சோபாவில் உட்கார்ந்து படம் போடுவார். எத்தனை குளித்தாலும் காது மடலில் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும்.

வெளிநாட்டுப் படத்தில் கீழே ஓடுகிற எழுத்தை அவரால் துரத்திப் பிடிக்க முடியாது. ஒரு வரியைப் படிப்பதற்குள் மூன்று பேர் பேசி முடித்திருப்பார்கள். அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே மனைவி வாசித்துச் சொல்வாள். ராணுவ அதிகாரி, கன்னியாஸ்திரி, குடித்துவிட்டு உளறுகிறவன், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குப் பாடுகிறவள் எல்லோரும் அந்த வீட்டில் அவள் குரலில்தான் பேசினார்கள். சண்டை வந்தாலும் குரல் உயராது. அந்தக் குரல் பாதிப் படம் வரைக்கும் அவரை இழுத்துக்கொண்டு போகும், அதற்கப்புறம் மெதுவாகக் கையை விட்டுவிடும். திரையில் பனி பெய்துகொண்டே இருக்கும், பிறகு அது சல்லடையிலிருந்து விழுகிற மாவாக மாறும். கப்பல் ஒன்று அடுப்பின் வாய்க்குள் நிதானமாக நுழையும். உள்ளே கடல் இருக்கும். யாரோ ஒருத்தி கரையில் நின்று அவர் மனைவியின் குரலில் கூப்பிடுவாள். அவர் வருகிறேன் என்று சொல்லுவார், ஆனால் போகமாட்டார்.

கண் விழிக்கும்போது கறுப்புத் திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். தூங்கினேன் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வராது. "கடைசியில லேசாக் கண்ணை மூடிட்டேன்போல. என்ன ஆச்சு?" என்பார். அவள் சொல்லுவாள். முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையையே பார்த்தபடி, அவசரப்படாமல் சொல்லுவாள். பாதித் தூக்கத்தில் கேட்கிற அந்த முடிவு அவர் கண்ணுக்குள் படமாகவே ஓடும். மறுநாள் கடையில் நிற்கும்போது அதை அவரே பார்த்ததாகத்தான் நினைப்பு. இதில் துளிப் பொய் கிடையாது.

இப்படியே போயிருக்கும். மகள் விஷயம் மட்டும் இல்லாதிருந்தால்.

மகளை ஃபிரிட்ஜ், ஏ.சி. பழுது பார்க்கிற ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். நல்ல வேலைக்காரன். குடியில்லை, கை நீட்டுகிற பழக்கமில்லை. வெளியே எல்லோரிடமும் கலகலவென்று பேசுவான். வீட்டுக்குள் வந்தால் வாயை மூடிக்கொள்வான். என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. கேட்காமல் திரைச்சீலை மாற்றியிருப்பாள், அல்லது யாரோ சொன்னதுக்குச் சிரித்திருப்பாள். அவ்வளவுதான், வாரக்கணக்கில் ஒரு சொல் இருக்காது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை மேஜையில் தட்டுவான். அவள் எதிரிலேயே போனில் நண்பனோடு விழுந்து விழுந்து சிரிப்பான், போனை வைத்ததும் முகம் சுவராகிவிடும். இவள் காரணம் கேட்டுக் கெஞ்சி, செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு ஓய்ந்துபோன ஒருநாள், ஒன்றுமே நடக்காத மாதிரி "இன்னிக்கு வெயில் அதிகம்" என்பான். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் தொடங்கும்.

போன வருஷம் ஒருதடவை அவள் கிளம்பி வந்துவிட்டாள். ரொட்டிக்காரருக்கு அவள் சொன்னது மண்டையில் ஏறவேயில்லை. "அடிச்சானா?" என்றார். இல்லை. "திட்டினானா?" திட்டினால்கூடத் தேவலை அப்பா என்றாள். பேசாமல் இருப்பது ஒரு குற்றமா என்று அவர் கேட்டார். தானும்தான் அடுப்படியில் நாள் முழுக்கப் பேசுவதில்லை என்றார். கடைசியில் அவரே அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். மருமகன் வாசலுக்கு வந்தான், அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான், உள்ளே போனான். "பையை வாங்கினான் பாரு, மனசுல பாசம் இல்லாமலா வாங்குவான்" என்று திரும்பி வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பாடு எடுத்துவைத்தாள். அதற்கப்புறம் மகள் போனில் நல்லா இருக்கேன் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அந்த 'நல்லா இருக்கேன்' நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அப்போதுதான் தேநீர்க் கோப்பை வருகிற அந்தப் படத்தைப் பார்த்தார்கள். குளிர்ந்த கடற்கரையில் ஒரு வீடு. படகு பழுது பார்க்கிற ஒருவன், அவன் மனைவி. அவன் பேசமாட்டான். அவள் காலையில் இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றி வைப்பாள். அவன் குடித்துவிட்டு எழுந்து போவான். அவள் கெட்டிலோடு பேசுவாள், ஜன்னலோடு பேசுவாள், கரையில் வந்து உட்கார்கிற பறவையோடு பேசுவாள். ரொட்டிக்காரருக்கு மகள் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்துகூடப் பார்த்தார். ஆனாலும் பறவை பறந்துபோன இடத்தில் அவரும் போய்விட்டார். விழித்தபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன ஆச்சு? பேசினானா?"

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தாள். பிறகு சொன்னாள். அந்தப் பெண் ஒருநாள் வழக்கம்போல இரண்டு கோப்பை வைக்கிறாள். அவன் ஒரு வாய் குடிக்கிறான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, 'ஆறிப்போச்சு, வேற போட்டுக் கொடு' என்கிறான். அவ்வளவுதான் அவன் பேச்சு. அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள், வேறு தேநீர் போடுகிறாள்.

ரொட்டிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அது காய்வதற்குள் மகளுக்குப் போன் போட்டார்.

"உனக்குன்னே எடுத்த மாதிரி ஒரு படம் பார்த்தேம்மா" என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னார். பறவையைக்கூட விடவில்லை. "கடைசியில அவன் பேசிடறான். அந்தப் பொண்ணு பொறுமையா இருந்தா பாரு, அதுக்குப் பலன் கிடைக்குது. நீ அவசியம் பார்க்கணும். அப்பா சொல்றேன்ல?"

மறுமுனையில் மகள் மெல்ல, படத்தோட பேரு என்ன அப்பா என்றாள். அவர் வழக்கம்போல மனைவியைப் பார்த்தார். அவள் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையைத் துடைக்காமலேயே வந்து போனை வாங்கினாள். பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"கடைசி வரைக்கும் பாரு. நடுவுல எழுந்திரிச்சுடாதே" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் மாவு இழுத்துக்கொண்டே பொங்கியது, ரஸ்க் நமத்துப்போனது. அப்படி ஒரு மத்தியானம் அவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். கீழே இரண்டு நனைந்த கால்கள் வந்து நின்றன. அந்தச் செருப்பு அவர் வாங்கிக் கொடுத்தது. ஷட்டரை மறுபடி மேலே தள்ளினார். மகள் தோளில் ஒரு பெரிய பையோடு நின்றாள். முகத்தில் வழிகிற மழையைத் துடைக்கக்கூட இல்லை. அவர் பையை வாங்கினார். வாங்கும்போதே, இதே கையால் இன்னொருவன் கையில் கொடுத்தது ஞாபகம் வந்தது.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவள் பையைத் திறந்தாள். மேலாக ஒரு துண்டு இருந்தது. அதைப் பிரித்தாள். உள்ளே ஒரு கோப்பை. நீலக் கோடு போட்ட சாதாரணக் கோப்பை, கல்யாணத்துக்கு முன்னால் இதே வீட்டில் அவள் டீ குடித்தது. அதை மேஜையில் வைத்தாள். சமையலறையிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ரொட்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"படத்தைப் பார்த்தேன்பா" என்றாள் மகள். "அவர் பக்கத்து அறையிலதான் இருந்தார். சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டுப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரி அவன் பேசுவான், இப்போ பேசுவான்னு உக்காந்திருந்தேன். அவன் பேசவே இல்லை. அவ கோப்பையைக் கழுவித் துடைச்சுப் பையில வச்சுக்கிட்டுப் படகுல ஏறிப் போயிடறா. படம் முடிஞ்சுபோச்சு. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நீங்க எப்பவுமே முடிவை மாத்தித்தானே சொல்வீங்க. போன தடவை கொண்டுபோய் விட்டுட்டு வந்ததை நினைச்சு உங்களுக்கு நேரா சொல்ல வாய் வரலை, அதான் இப்படிச் சொல்றீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். அன்னிக்கு ரொம்ப நேரம் அழுதேன்பா. சந்தோஷத்துலதான்."

ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேசவே இல்லை என்றால் அந்த 'ஆறிப்போச்சு, வேற போட்டுக் கொடு' எங்கிருந்து வந்தது? அவர் மூளைக்குள் ஏதோ ஒன்று மெதுவாகச் சரிய ஆரம்பித்தது. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்போது மகள் முகம் மாறியது. கண் அவருடைய முகத்தில் எதையோ தேடியது, கிடைக்காமல் கீழே இறங்கியது. அவள் அவசர அவசரமாக அந்தத் துண்டை எடுத்து மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள். மேஜையில் துடைக்க ஒன்றுமே இல்லை. துடைத்த இடத்தையே துடைத்தாள். தப்பாச் சொல்லிட்டேனாப்பா என்று குரல் எழும்பாமல் கேட்டாள். அவருக்குச் சுரீர் என்றது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது அவர் பேசாமல் இருந்தது. அதற்கே பிள்ளை இப்படி நடுங்குகிறாள்.

"சாப்பிட்டியா?" என்றார் அவசரமாக. "முதல்ல தலையைத் துவட்டு. ஏய், அவளுக்குச் சாப்பாடு போடு."

அவள் சாப்பிட்டுப் படுத்ததும் அவர் கடைக்கு வந்துவிட்டார். ஷட்டர் இறங்கிய கடையில் அடுப்பின் சூடு இன்னும் இருந்தது. மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாக மனைவி வந்தாள். கூப்பிட்டு அனுப்பாமலேயே வந்தாள்.

"இன்னிக்கு நேத்துப் பழக்கம் இல்லைங்க இது" என்று அவளே ஆரம்பித்தாள். "கல்யாணமான புதுசுல ஒரு படம் பார்த்தோம். தூங்கி எழுந்து என்ன ஆச்சுன்னு கேட்டீங்க. ஹீரோ செத்துட்டான்னு உள்ளதைச் சொன்னேன். அன்னிக்கு முழுக்க மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு, மறுநாள் மாவுல உப்புப் போடவே மறந்துட்டீங்க. மாவு கண்டபடி பொங்கித் தொட்டிக்கு வெளியில வந்துச்சு. ரொட்டி வாயில வைக்க விளங்கலை. தெருவே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துச்சு. அதுலேருந்து யாரையும் நான் சாகவிடலை."

அவர் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அப்போ அந்த லாரி? அண்ணன் தம்பி?"

"சேரலைங்க."

"கதவைத் தூக்கிட்டுப் போனாரே, அந்தப் பெரியவர்?"

"அவர் வழியிலேயே..."

"வேணாம், சொல்லாதே." கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து, "லிஃப்ட்?" என்றார்.

"அது நான் சொன்ன மாதிரிதான். ரெண்டு பேரும் நல்லபடியா வெளியில வந்துட்டாங்க. ஹாலிவுட் படத்துல எனக்கு அவ்வளவா வேலை இருக்காது."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பார். மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்த பன் ஞாபகம் வந்தது. தையல்காரியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமும் இந்தத் தெருவுக்கு அவர் சொன்ன படங்களில் பாதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கட்டியது. அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அது முழுசாக வந்து சேரவில்லை.

"என்கிட்ட மாத்திச் சொன்னே, சரி. அவகிட்ட நான் சொல்லும்போது பக்கத்துலதானே நின்னே? அப்படி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "சொல்லலை. நீங்க போகாதே, இருன்னு சொல்றீங்க. அவ படத்தைப் பார்த்தா வேற முடிவு வரும்னு எனக்குத் தெரியும். போன தடவை நீங்க அவளைக் கூட்டிட்டுப் போகும்போதும் நான் வாயைத் திறக்கலை. அது தப்பு. இந்தத் தடவையும் திறக்கலை. இது வேணும்னுதான்."

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாக அவர் எழுந்தார். நான் சொன்னது இரு என்றுதான், நீ புரிந்துகொண்டது தப்பு என்று சொன்னால் அவள் நாளைக்கே பையை எடுத்துக்கொள்வாள். அவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. மனைவி தடுக்கவில்லை.

"சொல்லுங்க. உங்க பொண்ணு, உங்க இஷ்டம். ஆனா அந்தப் படத்தை ஒருதடவை முழுசாப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் மத்தியானம் பார்த்தார்கள். மகள் உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை மாதத்துத் தூக்கமோ. ரொட்டிக்காரர் சோபாவில் உட்காரவில்லை, முதுகில் குத்துகிற மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் சர்க்கரை போடாத கெட்டி டீ. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல வாசித்தாள். கெட்டிலோடு பேசினாள், ஜன்னலோடு பேசினாள், பறவையோடு பேசினாள். பறவை பறந்தது. அவர் கண்ணிமை இறங்கியது, தொடையைக் கிள்ளிக்கொண்டார். திரையில் பனி விழத் தொடங்கியது. அது மாவாக மாறப் பார்த்தது. அவர் அதை மாற விடவில்லை.

அந்தப் பெண் பனியில் வழுக்கி விழுந்தாள். அவன் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ரொட்டிக்காரர் முன்னால் சாய்ந்தார். அவன் அவளைத் தாண்டிப் போய்ப் படகுக்கு மேல் போர்வை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பவும் அவளைத் தாண்டி உள்ளே போனான். விளக்கும் அவனோடு போனது.

அதற்கப்புறம் மனைவியின் குரல் வரவில்லை. அந்தப் பெண் எழுந்தாள். அடுப்பு மூட்டினாள். தண்ணீர் கொதித்தது. அவன் வந்து உட்கார்ந்தான். அவர் காத்துக்கொண்டிருந்தார். இன்னும் குரல் வரவில்லை.

"ஏன் நிறுத்திட்டே? வாசி" என்றார்.

"எழுத்து ஓடலைங்க. யாரும் பேசலை."

"எவ்வளவு நேரம்?"

"கடைசி வரைக்கும் இப்படித்தான்."

கூடத்தில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு படத்தைத் தன் கண்ணால் மட்டும் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கோப்பை மேஜையில் உட்கார்கிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம், அவன் மெல்லுகிற சத்தம். அவள் அவன் முகத்தைப் பார்க்கிறாள், அவன் சுவரைப் பார்க்கிறான். மறுநாள், மறுபடியும் கோப்பை, நாற்காலி, சுவர். யாராவது எதையாவது சொல்லித் தொலையுங்களேன் என்று அவருக்கு இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அவரால் எழுந்து போக முடியும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இப்படி ஒரு வீட்டுக்குத்தான் மகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் விட்டார். பையைத்தான் வாங்கினான் அந்தப் பயல். அவளைப் பார்த்து வா என்று சொன்னானா? சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டுதானே நின்றார்.

அந்தப் பெண் தன் கோப்பையைக் கழுவினாள். துணியால் உள்ளும் புறமும் துடைத்தாள். பையில் வைத்தாள். படகு கரையை விட்டு நகர்ந்தபோது அவள் கடலைப் பார்த்து வாயைத் திறந்தாள், ஏதோ பாடுகிறாளோ பேசுகிறாளோ, காற்றில் கேட்கவில்லை. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ரொட்டிக்காரர் அழுதுகொண்டிருந்தார். மனைவி முகத்தைத் துடைக்கத் துண்டை அவரிடம் கொடுத்தாள்.

உள்ளறைக் கதவருகில் மகள் நின்றிருந்தாள். தூங்கி எழுந்த முகம். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஏற்கெனவே பார்த்த படம்தானேப்பா. எதுக்கு மறுபடியும்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொல்வதென்றால் அதுதான் சமயம். அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"முடிவு அவ்வளவு பிடிச்சிருந்துதும்மா" என்றார். "அதை இன்னொருதடவை பார்க்கணும்னு தோணுச்சு."

மறுநாள் விடிந்து முதல் சுற்று ரொட்டி வந்ததும், ஒன்றைச் சூடாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மேஜையில் மூன்று கோப்பைகள் இருந்தன, ஒன்றில் நீலக் கோடு. மகள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றவள் அப்படியே நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, இதுல உப்பே இல்லை."

மனைவியும் ஒரு துண்டு வாயில் போட்டாள். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு டீயை ஊற்றினாள்.

மகளுக்குப் பேச்சு பிடித்துக்கொண்டது. எப்படிப்பா உப்பை மறப்பீங்க, அதான் காலையில கடையை எட்டிப் பார்த்தப்போ தொட்டி வழிஞ்சு தரையெல்லாம் மாவா கிடந்துச்சா, இப்போ தையல்காரி அக்கா வந்து சண்டை போடுவாங்க, மருந்துக்கடைக்காரர் ஒரு மாசம் சொல்லிக் காட்டுவார், நாளையிலேருந்து நானே வந்து உப்பு அளந்து போடறேன், உங்களை நம்ப முடியாது என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. உப்பிலிருந்து மழைக்குப் போனாள், மழையிலிருந்து கடைக்கு முன்னால் தேங்குகிற தண்ணீருக்குப் போனாள், ஷட்டருக்கு எண்ணெய் போட வேண்டும் என்றாள். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே பேசினாள். சின்ன வயசில் அப்படித்தான் பேசுவாள், அதற்குத் திட்டு வாங்குவாள். ரொட்டிக்காரர் உப்பில்லாத ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். சட்டென்று அவள் பேச்சு அறுந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். கை மேஜைமேல் கிடந்த துணிப் பக்கம் போனது.

"என்னப்பா, பேசாம இருக்கீங்க?"

அவர் அந்தத் துணியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"நீ பேசறதைக் கேட்டுட்டிருக்கேம்மா" என்றார். "சொல்லு."